தசையை அறுக்காமல் சிக்கலான பவுத்திரத்தை அடைப்பது: லிஃப்ட் அறுவை, படிப்படியாக

பவுத்திரத்தை, அதாவது ஆசனக் குழாயின் உட்புறத்திலிருந்து வெளித்தோல்வரை சீழ் வடியும் புரையை, கீறித் திறந்துவிட்டால் ஆறிவிடும் என்பது தாழ்வான புரைக்கு மட்டும் பொருந்தும். வெளிச் சுருக்குத்தசையில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஊடுருவியது, பெண்களுக்கு முன்புறத்தில் வந்தது, கிளைவிட்டது, அறுவைக்குப் பிறகும் திரும்பியது, குரோன் நோயோடு (நாள்பட்ட குடல் அழற்சி) சேர்ந்தது ஆகியவை சிக்கலானவை. இவற்றைக் கீறினால் சீழ் நின்றுவிடலாம். ஆனால் காற்றையும் மலத்தையும் அடக்கும் திறனும் கூடவே போய்விடலாம். லிஃப்ட் என்பது உள், வெளிச் சுருக்குத்தசைகள் இரண்டுக்கும் நடுவே புரையைக் கட்டி வெட்டும் முறை; தசையை அது அறுப்பதில்லை. பெண்களுக்கு முன்புறத்தில் வெளிச் சுருக்குத்தசை இயல்பிலேயே குட்டை. பிரசவத்தில் கிழிந்தும் இருக்கலாம். அதனால் கத்தியை எடுக்கும் முன்பே, காற்று தானாகப் பிரிகிறதா, உள்ளாடையில் கறை படிகிறதா என்று கூச்சம் பார்க்காமல் கேட்டு, வெக்ஸ்னர் மதிப்பெண்ணாகக் குறித்துவையுங்கள். 0 என்றால் முழுக் கட்டுப்பாடு, 20 என்றால் கட்டுப்பாடே இல்லை.

அடுத்தது எம்.ஆர்.ஐ. கொழுப்பை மட்டுப்படுத்திய டி2 படங்களை ஆசனக் குழாயின் அச்சுக்கு ஏற்பச் சாய்த்து எடுக்கச் சொல்லுங்கள். உட்துளை கடிகாரத்தில் எத்தனை மணி நிலையில் இருக்கிறது, வெளித்தசையில் எவ்வளவு உயரத்தில் புரை கடக்கிறது, இரு தசைகளுக்கு இடையிலோ மேலேயோ சீழ் தேங்கியிருக்கிறதா, லாட வடிவக் கிளை உண்டா என்ற நான்குக்கும் அறிக்கையில் பதில் வேண்டும். விடுபட்ட ஒரு கிளை போதும், புரை மறுபடி திறக்க.

சீழ் இருந்தால் முதலில் வடித்துவிட்டு, புரை வழியாகக் கோத்து வெளியே முடிச்சிடும் வளையமான செட்டான் போடுங்கள். மெல்லிய சிலிக்கான் வளையம் நல்லது. தோலுக்கும் முடிச்சுக்கும் இடையே விரல்நுனி நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் அதுவே தசையை அறுக்கும். 8 முதல் 12 வாரம் விட்டுவைத்தால் கசிவு குறைந்து, புரையின் சுவர் நார்போல் கெட்டிப்படும். செட்டான் இல்லாமலே லிஃப்ட் செய்வோரும் உண்டு. ஆனால் சீழ்பிடித்த புரை நூலைத் தாங்காமல் பிய்ந்துவிடும் என்பதால் காத்திருப்பதே மேல். கள்ளிப்பால், நாயுருவி உப்பு, மஞ்சள் ஆகியவற்றை 21 பூச்சாக ஏற்றிய க்ஷார சூத்திர நூலும் பவுத்திரத்துக்குப் பயன்படுவதுதான். ஆனால் அது மெல்ல மெல்ல அறுக்கும் நூல். தசையில் பெரும்பகுதியைச் சுற்றிப்போகும் புரையில் அந்த வேறுபாட்டை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

இனி அறுவை. இந்த முறையை 2007-இல் பாங்காக்கைச் சேர்ந்த அருண் ரோஜனசகுல் வெளியிட்டார். முதுகுத்தண்டு மயக்கம் கொடுத்த பின் செட்டானை எடுத்துவிட்டு, வெளித்துளை வழியாக 1 முதல் 2 மி.லி. நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை மெதுவாகச் செலுத்துங்கள். உட்துளையில் நுரை குமிழ்விடும். மெத்திலின் நீலம் களம் முழுவதையும் சாயமாக்கிவிடும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல. பிறகு புரையின் பாதையைத் துழாவும் மெல்லிய கம்பியான புரோபைச் செலுத்துங்கள். அது தானாகப் போகும் வழியில்தான் போகவேண்டும். அழுத்தினால் இல்லாத பாதை ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஆசனவாய் ஓரத்தில் இரு தசைகளுக்கும் இடையிலான பள்ளத்தை விரலால் தடவிக் கண்டு, புரோபுக்கு மேலே 1.5 முதல் 2 செ.மீ. வளைவாகக் கீறுங்கள். வெள்ளையாக, குறுக்குவாட்டில் ஓடுவது உள்தசை. சிவந்து, தூண்டினால் சுருங்குவது வெளித்தசை. இரண்டுக்கும் நடுவே ரத்தம் குறைவான தளத்தில் நுழைந்தால், விரலடியில் கயிறுபோல் உருளும் புரை தட்டுப்படும். செங்கோண கிளாம்பை அதன் அடியில் நுழைத்து மெதுவாகத் திறந்து மூடிச் சுற்றிலும் விடுவியுங்கள். உள்தசையைக் குடையாதீர்கள்; ஓய்வு நிலையில் கசியாமல் காப்பது பெரும்பாலும் அதுதான்.

புரோபை உருவிவிட்டுக் கட்டுங்கள். அது உள்ளே இருக்கும்போதே முடிச்சிட்டால், எடுத்ததும் முடிச்சு தொளதொளக்கும். உட்துளையை ஒட்டி, உள்தசையோரமாக 3-0 விக்ரில் (தானே கரையும் தையல்நூல்) கொண்டு கட்டி, ஊசியால் தைத்தும் பூட்டுங்கள். வெளித்தசைப் பக்கத்திலும் ஒரு கட்டுப் போட்டு, இடைத்துண்டை வெட்டி எடுங்கள். அதைத் திசுப் பரிசோதனைக்கும், நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்புவது வழக்கமாக இருக்கட்டும். வெளித்துளையிலிருந்து மீண்டும் திரவம் செலுத்துங்கள். உள்ளே வராவிட்டால்தான் வெட்டியது சரியான புரை. வெளிப்பகுதியைச் சுரண்டி, வடிய இடம்விட்டு, கீறலைத் தளர்வாகத் தையுங்கள்.

வீட்டில் நாளைக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தால் போதும். டெட்டால் கலக்க வேண்டாம். இசப்கோலும் நிறையத் தண்ணீரும் மலத்தை இளக்கிவைக்கும். முக்கினால் தையல் பிரியும்.

இந்த அறுவையில் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காட்டினருக்குப் புரை ஆறிவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவறும்போதும் பலருக்குப் புரை கீறலின் இடத்திலேயே, இரு தசைகளுக்கு நடுவே மட்டும் திறந்திருக்கும். அப்போது வெளித்தசையைத் தொடாமலே அதைக் கீறிவிடலாம். உட்துளையிலிருந்து வெளித்துளைவரை முழுப்பாதையும் திரும்பியிருந்தால் மறுபடி செட்டான், மறுபடி எம்.ஆர்.ஐ., அதன்பின் உட்துளையைப் பக்கத்துத் திசுவின் மடிப்பை நகர்த்தி மூடும் மடிப்புத்திசு நகர்த்தல். அந்த மடிப்பின் அடிப்பாகம் நுனியைப்போல் இரு மடங்கு அகலமாக இருக்க வேண்டும்; குறுகினால் ரத்தம் எட்டாமல் நுனி கருகிவிடும். குரோன் நோயாளிக்கு இவை எதற்கும் முன் மலக்குடல் அழற்சி அடங்க வேண்டும். அதுவரை செட்டானும் மருந்தும் மட்டுமே.