கொல்லையில் ஹம்மிங்பேர்டா? பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

கும்பகோணம், மாயவரம் பக்கம் யாராவது இட்லிப்பூச் செடியில் ஒரு குட்டிப் பறவையைப் படம் பிடித்துவிட்டால் போதும், "எங்க வீட்டுக்கு ஹம்மிங்பேர்டு வந்திருக்கு" என்று ஸ்டேட்டஸ் வந்துவிடும். வரவில்லைங்க, வரவும் வராது. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் அந்தப் பறவைக் குடும்பம் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் வாழ்கிறது. அதில் கலையோப்பி என்று ஒன்று, வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் முட்டையிடுவது, எடை 2 முதல் 3 கிராம்தான், நம் ஒரு ரூபாய் நாணயமே அதைவிடக் கனம். ராத்திரி குளிர் கடித்தால் உடம்புச் சூட்டை இறக்கி மரத்துப்போனதுபோல் கிடக்கும், குளிர்காலத்துக்கு மெக்சிகோவுக்குப் பறந்துவிடும்.

சரி, அப்போ நீங்கள் பார்த்தது என்ன? முதலில் அது தேன் குடிக்கும் விதத்தைப் பாருங்கள். காம்பையோ வாழைப்பூ மடலையோ பற்றிக்கொண்டு, கீழ்நோக்கி வளைந்த அலகை உள்ளே விட்டால் அது தேன்சிட்டு. தேன்சிட்டும் சில நொடி அந்தரத்தில் நிற்கும், அதை வைத்து ஏமாறாதீர்கள். கலையோப்பியின் அலகு நேராக, குட்டையாக இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் எங்கும் உட்காராமலே பூவுக்குப் பூ மிதக்கிறதா? வீடியோவைப் பெரிதாக்கித் தலையைப் பாருங்கள், இரண்டு உணர்கொம்பு தெரிந்தால் அது பறவையே இல்லை, அந்துப்பூச்சி.

தேன்சிட்டு என்றால் அடுத்து வயிறு. ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு, வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. இது இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெட்டை மாதிரியே மங்கிப்போய், தொண்டையிலிருந்து நெஞ்சுவரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம் வைத்திருக்கும், அதைப் புது இனம் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

தேன்சிட்டை வரவழைக்கச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் வேண்டாம். செம்பருத்தி, இட்லிப்பூ, இரண்டு வாழை போதும், மருந்து மட்டும் அடிக்காதீர்கள், குஞ்சுக்குப் புழு பூச்சிதான் சாப்பாடு. திண்ணை மூலை ஒட்டடையையும் கொஞ்சம் விட்டுவையுங்கள். பெட்டை அந்த நூலாம்படையால்தான் பட்டைத்தூள், சருகு, புழு எச்சம் எல்லாவற்றையும் ஒட்டிக் கூட்டைத் தொங்கவிடும், வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம்கூட இறக்கியிருக்கும். துணிக்கொடியில் கட்டிவிட்டால் ஒரு மாதம்போல் துணியை வேறு பக்கம் காயப்போடுங்கள், அதற்குள் குஞ்சு பறந்துவிடும்.

அப்புறம் பைக் கண்ணாடி. ஆண் தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்து ஓயாமல் கொத்தும். பழைய துணிப்பை ஒன்றை மாட்டிவிடுங்கள், தானாகப் போய்விடும்.