கிழிந்த முழங்கையும் புது ஸ்வெட்டர் ஆசையும்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி என்றால் உறைபனி. பனிக்காலம் வந்தாலே புது ஸ்வெட்டர் ஆசையும் வந்துவிடும். இம்முறை கடைக்குப் போகும் முன் இரும்புப் பெட்டியைக் காலி செய்து, இருப்பதையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். அம்மா பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர் அகப்பட்டது. முழங்கையில் மட்டும் ஓட்டை; அந்துப்பூச்சியின் புழு தின்றது. தையலின் உட்புறம் அம்மா விட்டிருந்த மிச்ச நூலையே எடுத்தேன், நிறம் அப்படியே பொருந்தியது. ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளியே ஆரம்பித்து நெடுக்கில் இழையோட்டி, குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று கோத்தேன். நூலை இறுக்கவே கூடாது, அந்த இடம் சுருங்கிக்கொள்ளும். வெந்நீரும் ஆகாது. பச்சைத் தண்ணீரில் அலசி, தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பிக் காயவைத்தேன். என்ன கதகதப்பு! கடைக்குப் போகவில்லை. அடுத்து அப்பாவின் கம்பளியைக் கையில் எடுத்திருக்கிறேன்.