ஃபாலோயர் கணக்கில் பதர் எவ்வளவு? காசு கொடுக்கும் முன் தூற்றிப் பாருங்கள்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்கும் திருபுவனம் பட்டுக் கடைக்கும் உள்ளூரில் ஃபாலோயர் எண்ணிக்கை தேவையில்லை, ஊரே அவர்களை அறியும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து முன்பணம் அனுப்பப் போகிறவருக்கு அந்தத் தெருவும் தெரியாது, முதலாளி யார் என்றும் தெரியாது. அவர் கண்ணில் முதலில் படுவது இன்ஸ்டாகிராம் பக்கத்தின் தலைமாட்டில் இருக்கும் எண்தான். 200 என்றிருந்தால் தயங்குவார், 20,000 என்றிருந்தால் துணிவார். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் வியாபாரிகள் காசு கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. எதிர்க்கடைக்கு 15,000 பேர் இருந்தால் நமக்கும் வேண்டும் என்ற போட்டி ஒன்று. பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சியிடம் முதலாளி மாதா மாதம் "எத்தனை பேர் கூடினார்கள்?" என்று மட்டுமே கேட்பது இன்னொன்று. கேட்ட எண்ணை ஏஜென்சி வாங்கிக் கொடுத்துவிடும், விற்பனை கூடியதா என்ற கேள்வியே எழாது.

இது சின்ன ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் டெவுமி என்ற நிறுவனம் போலி ஃபாலோயர்களையும் பார்வைகளையும் விற்றது. வாங்கியவர்களில் மென்பொருள், வங்கி, மக்கள் தொடர்பு நிறுவனங்களும் இருந்தன. 2019-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதன் உரிமையாளர் மீது 25 லட்சம் டாலர் தீர்ப்பு பெற்றது.

சரக்கு வரும் வழி எளிது. எஸ்எம்எம் பேனல் என்ற தளங்கள் ஆயிரம் பேர் இவ்வளவு என்று விலை போட்டு விற்கும். "30 நாள் ரீஃபில்" என்பார்கள். போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் அவ்வப்போது நீக்கும், குறைந்ததை இவர்கள் மறுபடி நிரப்புவார்கள் என்று அர்த்தம். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் களையெடுத்தபோது அதன் சொந்தப் பக்கமே 1.8 கோடிக்கு மேல் இழந்தது. இலவசமாக ஆள் சேர்க்கிறேன் என்று பாஸ்வேர்ட் கேட்கும் ஆப்கள் இன்னும் மோசம். உங்கள் கடைக் கணக்கே யார் யாருக்கோ லைக் போட்டுக்கொண்டிருக்கும்.

தஞ்சாவூரில் உங்கள் கடையைப் பற்றி ரீல் போட ஒரு ஃபுட் பக்கத்துக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். நேரில் போனைத் திறந்து, பக்கத்தின் புள்ளிவிவரம் இருக்கும் இன்சைட்ஸில் ஃபாலோயர்களின் ஊர்ப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம், சென்னை மேலே வர வேண்டும். சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு நகரங்கள் முன்னால் நின்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து ஃபாலோயர் பட்டியலில் 50 பேரைத் திறந்து பாருங்கள். பெயருக்குப் பின்னால் எண் குவியல், ஒரு பதிவும் இல்லை, ஆனால் 5,000 பேரைப் பின்தொடர்கிறது என்றால் அது ஆள் இல்லாத கணக்கு. நாலைந்து எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். 20-ஐத் தாண்டினால் விலைக்கு வாங்கியதுதான். படம் இல்லை, கணக்கு பூட்டியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம் ஊர்ப் பெண்கள் பலர் சாமி படமோ பூப்படமோ வைத்துக் கணக்கைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், கடைக்கு வந்து வாங்குவதும் அவர்கள்தான்.

பிறகு கடைசி 12 ரீல்களின் பார்வைகள். அதிகம் ஓடிய ஒன்றையும் நேற்றுப் போட்டதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். 50,000 ஃபாலோயர், 400 பார்வை என்றால் கணக்கு உதைக்கிறது. பார்வையையும் வாங்கலாம் என்பதால் ஷேர், சேவ் எண்களையும் கேளுங்கள். கமெண்டுகளை நிதானமாகப் படியுங்கள். "சூப்பர்", "செம" என்று வரிசையாக நின்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான ஆள் "பார்க்கிங் இருக்கா?", "ஞாயிறு திறந்திருக்குமா?", "நாகைக்கு கொரியர் உண்டா?" என்று கேட்பார்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பாதிப் பணம் முதலில், மீதி ரீல் போட்ட பிறகு. அந்தப் பக்கத்துக்கென்று தனி வாட்ஸ்அப் இணைப்பு கொடுங்கள், எத்தனை விசாரணை வந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் விளம்பரத்தில்தான். உங்கள் ஃபாலோயரைப் போன்றவர்களுக்குக் காட்டு என்று இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவிடம் சொன்னால், போலிகளின் சாயலில் ஆள் தேடி உங்கள் பணத்தைக் கரைக்கும். அதற்குப் பதில், சம்மதம் தந்த வாடிக்கையாளர்களின் போன் எண்களைக் கொடுங்கள். அந்த எண்களில் ஒரே நாட்டில் குறைந்தது 100 பேராவது மெட்டா கணக்குகளோடு பொருந்த வேண்டும். பில் புத்தகத்தில் அதைவிடக் கூடவே இருக்கும். பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, தெரியாத ஆப்களின் அனுமதியை எடுங்கள். போலிகளைத் தினமும் கொஞ்சமாக நீக்குங்கள். ஒரே மூச்சில் ஆயிரம் நீக்கினால் தளம் உங்களையே தடுத்துவிடும்.

கூகுள் ரிவ்யூவிலும் இதே ஏமாற்று நடக்கிறது. எழுதியவரின் பெயரைத் தட்டுங்கள். ஒரே நாளில் ஜெய்ப்பூர் பல் மருத்துவமனைக்கும் கொச்சி ஜிம்முக்கும் கும்பகோணம் லாட்ஜுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் அது கூலி ரிவ்யூ. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல்முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ரிவ்யூ வேண்டுமானால் கல்லாப்பெட்டி பக்கத்தில் க்யூஆர் அட்டை வைத்து, சாப்பிட்டு எழுந்தவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள், அது கூகுள் விதிக்கு விரோதம்.