வியட்நாம் போறீங்களா? லீவு எந்த மாசம்னு பாத்துட்டு ஊர முடிவு பண்ணுங்க

வியட்நாம்ல இப்ப கிளைமேட் எப்படின்னு மொட்டையா கேட்டா பதில் சொல்ல முடியாது, எந்த ஊர்லன்னும் சேத்து கேக்கணும். வடக்கு தெற்கா சுமார் 1,650 கிலோமீட்டர் நீளம், குவாங் பின் பக்கம் அகலம் வெறும் 50 கிலோமீட்டர் தான், அதனால ஹனோய்ல ஜாக்கெட் போட்டுட்டு சுத்துற ஜனவரில சைகான்ல (பேரு ஹோ சி மின் சிட்டின்னு மாத்தி எவ்ளோ வருஷம் ஆச்சு, ஜனங்க இன்னும் சைகான்னு தான் சொல்றாங்க) 30 டிகிரி வெயில் அடிக்கும். வடக்கு, நடு, தெற்கு மூணையும் ஒரே வாரத்துல அடைச்ச பேக்கேஜ் வாங்கினா ஏதாவது ஒரு பக்கம் மழைல மாட்ட சான்ஸ் அதிகம்.

மேப்ல ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவுல ஹாய் வான் கணவாய்னு ஒன்னு இருக்கும், அத தேடி வெச்சுக்கோங்க. வடக்குலேந்து வர்ற குளிர்காத்த அந்த மலை தான் தடுக்குது, தாண்டி தெக்க போனா குளிர்காலம்னு பெருசா ஒன்னும் இல்ல.

தீபாவளி லீவுன்னா வடக்கு. அக்டோபர் நவம்பர்ல ஹனோய், ஹா லாங் பே, சாப்பா எல்லாம் குளுகுளுன்னு இருக்கும், சாப்பா பக்கத்துல 3,147 மீட்டர் ஃபான்சிபான் மலைக்கு கேபிள் கார்லயே போலாம். ஆனா அதே மாசத்துல நடுப்பகுதிக்கு ப்ளான் போடாதீங்க, நம்ம ஊருக்கு மழை குடுக்குற அதே வடகிழக்கு பருவக்காத்து தான் அங்கயும் கடல் ஈரத்த அள்ளிட்டு வந்து மலைல மோதி கொட்டுது, புயலும் சேந்துக்கும், ஹோய் ஆன் பழைய டவுன் தெருவுல படகு ஓடுறதெல்லாம் அங்க சகஜம். அந்த ஊருக்கு ஏப்ரல் மே லீவு தான் சரி, மழை இருக்காது, வெயில் இருக்கும், அது நமக்கு என்ன புதுசா.

பொங்கலுக்கு தெற்கு, மெகாங் டெல்டா. ஒரே ஒரு எச்சரிக்கை, டெட்ன்னு அவங்க புத்தாண்டு, ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரில வரும், அந்த வருஷ தேதிய பாத்துட்டு டிக்கெட் போடுங்க, ஊரே சொந்த ஊருக்கு கிளம்பிடும், கடை பாதி மூடியிருக்கும், டிரெயின்ல சீட் கிடைக்காது.

மக்கள் தொகை சுமார் 10 கோடி, அரசாங்க கணக்குல 54 இனங்கள், அதுல கின் மக்கள் தான் 85 சதவீதம் கிட்ட. நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது சாம் மக்கள பத்தி. இவங்களோட சம்பா ராஜ்ஜியம் கட்டின சிவன் கோயில்கள் மி சன்ல இருக்கு, 4ம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச இடம், 1969ல அமெரிக்க குண்டுல நிறைய இடிஞ்சு போச்சு, மிச்சம் இருக்கறதே அவ்ளோ அழகு. டா நாங் போனா ஒரு காலை இதுக்கு ஒதுக்குங்க, பீச் எங்கயும் போயிடாது. சைகான் நடுவுல நம்ம ஆளுங்க கட்டின மாரியம்மன் கோயிலும் இருக்கு, இப்ப வியட்நாம்காரங்க தான் வரிசைல நின்னு ஊதுபத்தி ஏத்துறாங்க.

சைவம்னா "சாய்"னு போர்டு போட்ட கடைய தேடுங்க, புத்த மதத்துக்காரங்க நடத்துறது. மத்த கடைல வெறும் காய்ன்னு சொன்னாலும் நுவோக் மாம்னு மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. காபி தைரியமா குடிக்கலாம், உலகத்துல பிரேசிலுக்கு அடுத்து அதிகமா காபி விளையுற நாடு, கண்டென்ஸ்டு மில்க் போட்டு திக்கா வரும்.

ரோடு கிராஸ் பண்றப்ப ஓடாதீங்க, திரும்பி வராதீங்க, ஒரே வேகத்துல மெதுவா நடந்தா பைக்கெல்லாம் சுத்திட்டு போயிடும், பஸ் கார் வந்தா மட்டும் நின்னுடுங்க. அப்புறம் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் ரெண்டுமே நீலம், ராத்திரி டாக்ஸில குடுக்குறப்ப பூஜ்யத்த எண்ணிட்டு குடுங்க.