மணி சரி, எண் தவறு

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு வளாகத்துக்கு வந்த மறுநாளே மாணவர் இணையதளத்துக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, கைபேசிச் செயலி காட்டும் 6 இலக்க எண்ணை மட்டும் தவறென்று தள்ளியது. கடவுச்சொல்லை இருமுறை மாற்றினேன், பயனில்லை. இங்குள்ள அலுவலகம் தலைமை வளாகத்தைக் கேட்கச் சொன்னது. அவர்கள் இங்கே கேட்கச் சொன்னார்கள். நான்கு நாள் வீண்.

கைபேசியில் மணி சரியாகவே இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. விமானத்திலிருந்து இறங்கியதும் நேர மண்டலத்தைத் தொடாமல், மணியை மட்டும் கையால் திருத்தியிருந்தேன். அந்த எண்ணோ 30 நொடிக்கு ஒருமுறை, உலகப் பொது நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மண்டலம் பழையதாகவே நின்றதால், நான் திருத்திய மணியைக் கைபேசி பழைய ஊரின் மணியாக எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கு மணிக்கணக்கில் பிசகியிருந்தது. நேரத்தையும் மண்டலத்தையும் தானாக அமையும்படி மாற்றினேன். அடுத்த எண்ணிலேயே உள்ளே போய்விட்டேன். பாடப்பதிவு முடிய அப்போது ஒரு நாளே மீதி.