கிளை அலுவலகத்திற்கு மாடுலர் ரூட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளை அலுவலகத்திற்கு மாடுலர் ரூட்டரை, அதாவது இணைப்புக் கார்டுகளைச் செருகி மாற்றக்கூடிய ரூட்டரைப் பரிந்துரைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், தேவை மாறும்போது பெட்டியை மாற்ற வேண்டியதில்லை, கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான். அது உண்மையே. இன்று ஈ1 என்னும் பழைய வகைக் குத்தகை இணைப்பில் இயங்கும் கிளை நாளை ஃபைபருக்கு மாறலாம், மாற்று வழியாக எல்டிஇ (4ஜி மொபைல்) இணைப்பைச் சேர்க்கலாம். அதே சேசிஸ் (ரூட்டரின் பெட்டி) தொடர்ந்து உழைக்கும். ஆனால் மாறுவது கார்டு மட்டும். பிராசஸரின் திறன், ஸ்லாட்டின் (கார்டு செருகும் இடத்தின்) வகை, பவர் சப்ளையின் வரம்பு ஆகியவை பெரும்பாலும் வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை மறப்பதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

அவற்றில் மிகுந்த செலவு வைப்பது, போர்ட்டின் வேகத்தை ரூட்டரின் வேகமாக எடுத்துக்கொள்வது. சிஸ்கோவின் 4331 மாடலில் கிகாபிட் போர்ட்டுகள் இருந்தாலும், அடிப்படை நிலையில் அது கடத்தும் அளவு நொடிக்கு 100 மெகாபிட். செயல்திறன் லைசென்ஸ் (கூடுதல் வேகத்திற்கான அனுமதி) சேர்த்தால் 300 மெகாபிட். இது ஒரு போர்ட்டுக்கான கணக்கன்று, பெட்டி முழுவதற்குமான கணக்கு. இதைக் கவனிக்காமல் 200 மெகாபிட் இணைப்பை எடுத்தவர்கள், வேகம் பாதியில் நிற்பதைக் கண்டு இணைப்பு நிறுவனத்தின் மீது குறை சொல்வதுண்டு. பாக்கெட்டின், அதாவது தரவு பிரிந்து செல்லும் துண்டின், அளவும் முக்கியம்; ஒவ்வொரு துண்டையும் ரூட்டர் தனித்தனியே கையாள வேண்டும். ஒரு கிகாபிட் ஈத்தர்நெட்டை 1518 பைட் ஃபிரேம்களால் (பாக்கெட்டைச் சுமக்கும் உறைகளால்) நிரப்ப நொடிக்கு ஏறத்தாழ 81 ஆயிரம் ஃபிரேம்கள் போதும்; 64 பைட் ஃபிரேம்கள் என்றால் 14.88 லட்சம் தேவை. குரல் அழைப்புகள் சிறு பாக்கெட்டுகளாகவே செல்வதால், பெரிய பாக்கெட்டுகளை வைத்து அளந்த டேட்டாஷீட் எண் கிளையின் உண்மை நிலையைக் காட்டாது. ஆகவே ஐபிசெக் என்கிரிப்ஷன் (தரவை மறைகுறியாக்கி அனுப்புவது), நாட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது), ஃபயர்வால் ஆகிய மூன்றும் இயங்கும் நிலையில், பல அளவுப் பாக்கெட்டுகள் கலந்து சென்றால் எவ்வளவு கடத்தும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். என்கிரிப்ஷனுக்குத் தனி லைசென்ஸ் வரம்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சிஸ்கோவின் கிளை அலுவலக ரூட்டர் வரிசையான ஐஎஸ்ஆரின் இரண்டாம் தலைமுறையில், உயர்பாதுகாப்பு லைசென்ஸ் இல்லாவிட்டால் ஒரு திசைக்கு 85 மெகாபிட், 225 டனல்கள் (மறைகுறியாக்கிய இணைப்புப் பாதைகள்) என்ற எல்லை இருந்தது.

பழைய கார்டு புதிய பெட்டியில் பொருந்தும் என்று எண்ணுவது அடுத்த தவறு. சிஸ்கோவின் 2800, 2900 வரிசைகளில் பயன்பட்ட ஹெச்விக் என்னும் பழைய வகைக் கார்டுகள் 4000 வரிசையின் நிம் என்னும் புதிய வகை ஸ்லாட்டில் நுழையவே நுழையா. பொருந்தும் கார்டாக இருந்தாலும், அதை அடையாளம் காணும் மென்பொருள் பதிப்பு ரூட்டரில் இருக்க வேண்டும். இல்லையெனில் கார்டு மின்சாரம் பெற்றும் இயங்காமல் கிடக்கும்.

மின்சாரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், எட்டுத் தொலைபேசிகளை இணைக்கும் ஸ்விட்ச் கார்டுக்கு 123 வாட் வரை ஒதுக்க வேண்டும். இதற்குத் தனி பவர் சப்ளை தேவைப்படும் மாடல்களே அதிகம். காலி ஸ்லாட்டுகளின் மூடுதகட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள். காற்றோட்டம் திசைமாறி, அருகிலுள்ள கார்டு சூடேறும்.

எல்லாப் பணிகளையும் ஒரே பெட்டியில் குவிப்பதை நான் முழுமனதோடு ஆதரிப்பதில்லை. ரூட்டிங், ஸ்விட்சிங், குரல், ஃபயர்வால் அனைத்தும் ஓரிடத்தில் இருப்பது பராமரிப்புக்கு வசதிதான். ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்க ரூட்டரை ரீபூட் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் தொலைபேசியும் சேர்ந்தே மௌனமாகிவிடுகிறது. இரண்டு வேன் (WAN, வெளி இணைப்பு) கார்டுகளைப் பொருத்திவிட்டு மாற்று ஏற்பாடு முடிந்தது என்று நினைப்பவர்கள், சேசிஸ் பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும் என்பதை யோசிப்பதில்லை. ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாத கிளையென்றால், ஒரு பெரிய ரூட்டரைவிட விஆர்ஆர்பி (ஒன்று நின்றால் மற்றொன்று பொறுப்பேற்கும் ஏற்பாடு) வழியே இணைந்த இரண்டு சிறிய ரூட்டர்களே நல்லது. எல்டிஇ கார்டின் ஆன்டெனாவை இரும்பு ரேக்கினுள்ளேயே விட்டுவிடுவதும் இதே வகைத் தவறுதான்: முதன்மை இணைப்பு அறுந்த பிறகுதான் சிக்னல் போதவில்லை என்பது தெரியவரும்.

நிறுவிய பின் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் எம்டியு, அதாவது ஒரே துண்டாகச் செல்லக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, தொடர்பானது. உள்நுழைவுப் பக்கம் உடனே திறக்கும். கோப்பைப் பதிவேற்றினாலோ பாதியில் உறைந்து நிற்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) டனல் வழியே அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகிறது; டனலை அமைக்கும் ஜிஆர்ஈ, ஐபிசெக் தலைப்புகளும் கூடும்போது டனலில் அதற்கு இடமில்லை. டனலின் ஐபி எம்டியுவை 1400 என்றும், டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (தலைப்புகள் நீங்கலாக ஒரு பாக்கெட்டில் செல்லும் தரவின் அதிகபட்ச அளவை) 1360 என்றும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழுதான கார்டை மாற்றும்போது, மின்சாரத்தை நிறுத்தாமல் கழற்றும் வசதி அந்த மாடலுக்கு உண்டா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். புதிய கார்டை அதே ஸ்லாட்டில் செருகுங்கள். இன்டர்ஃபேஸின் பெயர் ஸ்லாட் எண்ணைக் கொண்டே அமைவதால், 0/1/0 என்றிருந்தது அடுத்த ஸ்லாட்டில் 0/2/0 ஆகிவிடும்; பழைய முகவரியும் அணுகல் விதிகளும் அதனுடன் வாரா. கிளையில் கார்டை மாற்றுபவர் பெரும்பாலும் நெட்வொர்க் பொறியாளராக இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எது இருக்கிறது என்று எழுதிய தாளைப் பெட்டியின் மேலும், கான்ஃபிகரேஷனின் நகலைத் தலைமை அலுவலகத்திலும் வைத்திருங்கள்.