ஜெபித்துவிட்டு வில்லங்கம் பார்க்கலாமா? முடிவெடுக்கத் திணறும் விசுவாசிக்குச் சில வழிகள்

சபையில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ரொம்ப யோசிக்காதே தம்பி" என்கிறார்கள். வீட்டில் மாமா "அவர் கொடுத்த புத்தியை எதுக்கு வச்சிருக்கே, கொஞ்சம் யோசி" என்கிறார். வேலையை விடலாமா, மனை வாங்கலாமா, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று வரும்போதெல்லாம் இந்த இரண்டு குரலும் சேர்ந்தேதான் வரும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளர்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது இன்னும் உறைக்கும். பர்மா, மலேயா வரை போய்த் தொழில் செய்து, ஒரு காசு விடாமல் பேரேட்டில் எழுதிப் பழகிய நகரத்தார் ஊர்கள் இவை. அழகப்பா பல்கலைக்கழகமும் 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கின்றன. ஆறு நாள் ஆதாரம் கேட்டுப் பழகுகிற பிள்ளையிடம் ஏழாம் நாள் மட்டும் கேள்வியே கேட்காதே என்றால் அவன் ஒன்று நடிக்க ஆரம்பிப்பான், இல்லை சபைக்கு வருவதை நிறுத்துவான்.

முதலில் நம்மை அடக்க எடுத்து நீட்டுகிற அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5-இல் இருக்கிறது. சரி. அதோடு நிறுத்தாமல் இரண்டு வசனம் தள்ளி வாசியுங்கள்: "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே" என்று வரும். கண்டிக்கப்படுவது அகந்தை. அடுத்த அதிகாரமே "ஞானமே முக்கியம், ஞானத்தைச் சம்பாதி" என்கிறது. ஒரே புத்தகம் ஒரு பக்கத்தில் புத்தியை மூட்டை கட்டச் சொல்லி மறுபக்கத்தில் சம்பாதிக்கச் சொல்லுமா?

இனி செய்யவேண்டியது. உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி எந்த வகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். போய் விசாரித்தால் பதில் தெரிந்துவிடுமா? விசாரித்தாலும் தெரியாது, ஆனால் முடிவெடுத்தே ஆகவேண்டுமா? அல்லது லாப நஷ்டக் கணக்கே போடக்கூடாத விஷயமா? பெரும்பாலான குழப்பம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து வைப்பதால் வருவதுதான்.

விசாரித்தால் தெரியும் என்றால் விசாரியுங்கள். அந்த வேலையை ஜெபத்தின் தலையில் கட்டாதீர்கள். விற்கிறவர் நம் சபை அண்ணன்தானே, அவரிடம் போய்த் தாய்ப்பத்திரம் கேட்பதா, வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாதா என்று தயங்குகிறவர்கள் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கவேண்டும். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியாவோ காவலில் கிடக்கிறார், ஊர் விழப்போகிறது என்று சொன்னவரும் அவரே. அப்போது ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கு என்று கர்த்தர் சொல்கிறார். எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் வேண்டாம் என்பான். எரேமியா வாங்குகிறார். எப்படி வாங்கினார் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கிறார், சாட்சிகளை நிறுத்துகிறார், பல நாள் கெடாமல் இருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதையெல்லாம் முடித்த பிறகுதான், இது என்ன ஆண்டவரே, நகரம் கல்தேயர் கையில் போகிறதே என்று ஜெபத்தில் தன் திகைப்பைக் கொட்டுகிறார். விசுவாசம் வாங்கச் சொன்னது, அறிவு பத்திரத்தை ஒழுங்காக எழுதியது, சந்தேகமும் ஒளித்து வைக்கப்படாமல் கடவுளிடமே போனது. மூன்றும் ஒரே மனிதரிடம், ஒரே அதிகாரத்தில். எனவே ஜெபியுங்கள், பட்டாவையும் பாருங்கள். நல்ல அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருந்து விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தாயிற்று, இனி சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நிறுத்தாதீர்கள். இன்சுலின் போட்டே ஆகவேண்டிய வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எசேக்கியா ராஜாவின் ஜெபத்துக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது, அப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். இயேசு குஷ்டரோகியைச் சுத்தமாக்கியதும், போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று அனுப்பினார். அந்தக் காலத்தில் அந்த வியாதியைப் பரிசோதித்து உறுதிசெய்கிற பொறுப்பு ஆசாரியனுடையது. ஆகவே உங்களுக்குச் சுகம் கிடைத்திருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும், டாக்டரே பார்த்து மாத்திரையைக் குறைக்கட்டும். உண்மையான அற்புதம் பரிசோதனைக்குப் பயப்படத் தேவையில்லை.

இரண்டாவது வகை வேலை, கல்யாணம் மாதிரியானவை. எவ்வளவு விசாரித்தாலும் பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள், அந்தத் தாளை வைத்துக்கொண்டே ஜெபியுங்கள், உங்கள் முடிவால் எந்த லாபமும் இல்லாத இரண்டு பெரியவர்களிடம் கேளுங்கள், அதில் ஒருவராவது உங்களை மறுத்துப் பேசக்கூடியவராக இருக்கட்டும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஊழியர் ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னால் உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதுவது, தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்ற வசனத்துக்கு அடுத்தபடியாக. தீர்க்கதரிசனத்தோடு சேர்த்துக் காணிக்கையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முக்கியமாக, வேண்டாம் என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டீர்கள், கடவுளிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள்.

மூன்றாவதில்தான் அறிவு ஒதுங்கி நிற்கவேண்டும். பொய்க்கணக்கு எழுதச் சொல்கிற முதலாளி, மன்னிக்கவே முடியாத தம்பி. இங்கே "கொஞ்சம் யோசி" என்கிற குரல் பெரும்பாலும் பயத்தின் குரல். தேவகோட்டையிலிருந்து ஓரியூர் போய் வந்தவர்களுக்கு அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவைத் தெரிந்திருக்கும். போர்ச்சுகல்லிலிருந்து குருவாக வந்து தமிழ் கற்று, உடையையும் உணவையும் இந்த மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர், எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவர். ஞானஸ்நானம் பெற விரும்பிய மறவ இளவரசர் தடியத்தேவர் ஒரு மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் பிரிட்டோ. விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு, பின்விளைவு என்னவென்று கணிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. அவர் வளைந்து கொடுக்கவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

துக்க வீட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் காரணமும் சொல்லாதீர்கள், வசனமும் ஒப்பிக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். பிறகு கடவுளுக்காக வக்கீல் மாதிரி வாதாடியவர்களும் அவர்களே. கடைசியில் கர்த்தர் கோபித்தது அவர்கள்மேல். கேள்வி கேட்ட யோபுதான் நிதானமாகப் பேசினார் என்றார்.

கல்லூரிக்குப் போன பிள்ளை ஆதியாகமத்தைப் பற்றிக் கேள்வியோடு வந்தால் அதட்டாதீர்கள். தெரியாத வானசாஸ்திரத்தை வேதத்தின் பேரால் பேசி அவிசுவாசிகள் சிரிக்க இடம் கொடுக்காதீர்கள் என்று ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டின் 1,600 வருஷங்களுக்கு முன்பே எச்சரித்தார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்க குரு. பட்டாணிச் செடிகளில் மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி. இவர்களைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு, அவனுடைய பாடப்புத்தகத்தையும் உங்கள் வேதாகமத்தையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள்.